முத்தும் முயற்சியும்

(இந்து இளைஞர் சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இவ்வாண்டு விழாவிலே ஒரு பொருள்பற்றிப் பேசுமாறு எம்மைப் பணித்த செயற்குழுவினருக்கு முதற்கண் நன்றி கூறுகின்றோம். சமயத்தைப் பற்றியும் இலக்கியத்தைப் பற்றியும் இம்மேடையிற் பேசுதற்கு எம்மினும் வல்லார் பலர் உளர். ஆதலால் நாம் உலகியல் சார்ந்த பொருளொன்றை எடுத்துக்கொண்டோம். பிறர் செய்வதைப் பார்த்துச் செய்யாது, தமக்கேயுரிய ஒரு தொழிலைப் புதிதாக ஆக்குவது எங்ஙனம் என்பதே அப்பொருள்.

இப்பொருளை இன்று எடுத்ததற்குக் காரணம் உண்டு. கோழி மேய்த்தாலும் கோறணமேந்திலே மேய்க்க வேண்டும் என்பது எம்மவரிடையே வழங்கும் பழமொழி. அதனை நாம் எள்ளி நகையாடத் தேவையில்லை. மாதச் சம்பளமும் முதுமையில் இளைப்பாற்றுச் சம்பளமும் ஒரு குடும்பத்தை நிமிர்த்திவிட்ட காலம் இருந்தது. அக்காலத்து அனுபவமே அப்பழமொழி. ஆயின், 2022ஆம் ஆண்டிலே நாட்டுக்கு நேர்ந்த பொருளாதார வீழ்ச்சி அந்த நம்பிக்கையை அசைத்துவிட்டது. சம்பளம் வந்தது, அச்சம்பளத்துக்குப் பொருள் வரவில்லை. அதன்பின் எம் பிள்ளைகளிற் பலர் கடவுச்சீட்டு வரிசையிலே நின்றனர். உத்தியோகம் கிடைக்குமா என்று காத்திருத்தல் ஒன்று. வெளிநாடு செல்ல வழி பிறக்குமா என்று காத்திருத்தல் மற்றொன்று. இரண்டிலும் காத்திருத்தலே பொதுவாயிருக்கின்றது.

சொந்தத் தொழில் தொடங்குவோரும் எம்மிடையே இல்லாமலில்லை. ஆனால் ஒரு சந்தியிலே ஒருவர் கைத்தொலைபேசி திருத்தும் கடை வைத்து நான்கு காசு கண்டால், ஆறு மாதத்துள் அதே சந்தியில் அதே கடை நான்கு முளைக்கின்றன. பின்னர் ஐவருக்கும் வருவாய் இல்லை. ஒருவர் சட்டியை ஐவர் பங்கிடுவது தொழில் வளர்ச்சியாகுமா? ஆகாது. இல்லாத சட்டியொன்றை அடுப்பில் ஏற்றுவதே வளர்ச்சி.

அவ்வாறு ஏற்றியவர் ஒருவருடைய வரலாற்றை உங்கள் முன் வைக்க விரும்புகின்றோம். அவர் யப்பான் நாட்டவர். எனினும் அவருடைய தொழில் எமது மன்னார்க் கடலோடு ஒப்பிட்டுப் பார்க்கத்தக்கது. ஆதலால் முதலில் மன்னாரிலிருந்தே தொடங்குவோம்.

மன்னார்க் குடாவின் முத்து மிகப் பழைய காலத்திலேயே உலகறிந்த பொருள். கிரேக்க, உரோம ஆசிரியர்கள் இக்கடலின் முத்துக்களைப் பற்றி எழுதி வைத்தனர். முத்துக்குளிப்பைச் சலாபம் என்பர். சிலாபம் என்னும் ஊர்ப்பெயரும் அதிலிருந்து வந்தது என்று கூறுவர். கடலடியில் சிப்பி படியும் மேடுகளுக்குப் பார் என்று பெயர். பாரிலே சிப்பி முதிர்ந்துவிட்டதென்று கண்டால் அரசினர் குளிப்பை அறிவிப்பர். உடனே மரிச்சுக்கட்டி போன்ற வெறுங் கடற்கரையிலே ஓலைக் கொட்டில்களாலான பட்டினம் ஒன்று எழும். தமிழர், சோனகர், அராபியர் ஆகிய குளியாளர்கள் வருவர். சம்மாட்டிமார் வள்ளங்களோடு வருவர். சுறாவின் வாயைக் கட்டும் மந்திரம் அறிந்தவரென்று நம்பப்பட்ட கடல்கட்டியும் வருவார். இந்தியாவிலிருந்து பெருவணிகர் வருவர். கரைக்கு வந்த சிப்பியில் மூன்றிலொரு பங்கு குளியாளருக்கு, எஞ்சியது அரசுக்கு. அரசின் பங்கு ஏலத்தில் விற்கப்படும். முதலாவது ஆங்கில ஆளுநரான பிரெட்ரிக் நோர்த், குளிப்புக் காலத்திலே தங்குவதற்கென அரிப்புக் கரையிலே ஒரு மாளிகையே கட்டுவித்தார். கடலரிப்பால் இடிந்த அதன் சுவர்களை அங்கே செல்வோர் காணலாம்.

இவ்வளவு சிறப்பு வாய்ந்த தொழிலில் ஒரு குறை இருந்தது. அது தொழிலாக இருக்கவில்லை, அதிர்ஷ்டமாகவே இருந்தது. நூற்றுக்கணக்கான சிப்பியை உடைத்தாலும் நல்ல முத்து ஒன்று கிடைக்குமென்று உறுதியில்லை. சிப்பியும் எல்லா ஆண்டும் இருப்பதில்லை. பருவக் காற்றின் நீரோட்டம் குஞ்சுச் சிப்பிகளை வாரிக்கொண்டு போகும்; மணல் மூடும்; திருக்கை தின்னும். கடல் தந்தால் அள்ளினார்கள், தராவிட்டாற் காத்திருந்தார்கள். சிப்பி இல்லாத ஆண்டுகள் பத்தும் பதினைந்துமாய்த் தொடர்ந்ததுண்டு.

இதற்குக் காரணம் அறியவே, 1902இல் லிவர்ப்பூற் பேராசிரியர் ஏர்ட்மன் இங்கு வந்தார். அவரும் அவருடைய துணைவர் ஓர்னெல் என்பவரும் பார்களை ஆராய்ந்தனர். அவ்வாராய்ச்சி 1903 முதல் 1906 வரை ஐந்து பெரும் பாகங்களாக இலண்டனில் வெளிவந்தது. 1905ஆம் ஆண்டுக் குளிப்போ மன்னார் கண்ட மிகப் பெரியவற்றுள் ஒன்றாயமைந்தது. அதனைக் கண்டு ஆசைகொண்ட ஆங்கில முதலாளிகள் ஒரு கொம்பனியை அமைத்து, 1906இலே பார்களை 20 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தார்கள். நடந்தது என்ன? 1907க்குப் பின் நெடுங்காலம் குளிப்பு நடத்தத்தக்க சிப்பி கிடைக்கவில்லை. கொம்பனி சில ஆண்டுகளிலேயே கலைந்தது. அரசின் அதிகாரம் இருந்தது. முதலாளிகளின் பணம் இருந்தது. ஐந்து பாகப் புத்தகமும் இருந்தது. வருவாய்க்கு மட்டும் பழைய வழியே வழி என்றிருந்தார்கள்.

இனி யப்பானுக்குச் செல்வோம்.

கோகிச்சி மிக்கிமோட்டோ 1858இலே தோபா என்னும் கடலோரச் சிற்றூரிற் பிறந்தவர். தந்தையார் உடொன் விற்கும் சிறு கடை வைத்திருந்தார். உடொன் என்பது கோதுமை மாவில் தடித்த இழையாகச் செய்யும் உணவு. எமது இடியப்பத்துக்குத் தூரத்து உறவு என்னலாம். மூத்த பிள்ளையாகிய இவருக்குப் பெரும் படிப்பு வாய்க்கவில்லை. காலையில் மரக்கறி சுமந்து விற்பார். இரவிற் கடையில் நிற்பார். துறைமுகத்துக்கு ஆங்கிலக் கப்பலொன்று வந்தபோது, ஏனைய வியாபாரிகள் உள்ளே செல்ல இயலாது நிற்க, இவர் தோணியில் மல்லாந்து படுத்துக் காலால் மரத்தொட்டியைச் சுழற்றி வித்தை காட்டி, மாலுமிகளை மகிழ்வித்து மரக்கறி விற்றார் என்றொரு கதை சொல்வர்.

1878இல் அவர் தோக்கியோவையும் யோக்ககாமாத் துறைமுகத்தையும் பார்க்கச் சென்றார். அங்கே சீன வணிகர் கடற்பொருள்களை வாங்குவதைக் கண்டார். மருந்துக்கென்று பொடிமுத்தையும் நல்ல விலை கொடுத்து வாங்கினார்கள். ஊர் திரும்பிக் கடலட்டை, சிப்பியிறைச்சி முதலியவற்றை உலர்த்தி விற்கும் வியாபாரத்தில் இறங்கினார். கடலட்டை வியாபாரம் மன்னாருக்கும் யாழ்ப்பாணத்துக்கும் புதியதன்று. இதுவரை அவர் செய்தது பத்துப் பேர் செய்த வேலையே.

அந்த வியாபாரத்திலே அவருடைய கண்ணில் ஒன்று பட்டது. ஆகோ விரிகுடாவின் முத்துச்சிப்பிகளை மக்கள் கண்டபடி அள்ளியதால் சிப்பி அருகி வந்தது. மற்றவர்கள் விலை ஏறுமென்று மகிழ்ந்தார்கள். இவர், இப்படியே போனால் பத்தாண்டில் என்ன இருக்கும் என்று கேட்டார். 1888இலே தம் மனைவியார் உமேயோடு சேர்ந்து சிப்பி வளர்ப்பைத் தொடங்கினார். வளர்த்த பின்னரே அடுத்த கேள்வி பிறந்தது. ஆயிரம் சிப்பி வளர்த்தாலும் முத்து எதில் இருக்குமென்று தெரியாதே. சிப்பியை வளர்ப்பது போல் முத்தையே வளர்க்க முடியாதா?

இளைஞர்களே, ஒரு கேள்வி அடுத்த கேள்வியைப் பெற்ற விதத்தைக் கவனியுங்கள். அவர் வீட்டிலிருந்து நினைத்து நினைத்து ஒரு புதுமையைக் கண்டுபிடித்தாரல்லர். செய்துகொண்டிருந்த வேலையிலே நின்றுகொண்டு கேட்டார்.

1890இலே தோக்கியோவில் நடந்த கைத்தொழிற் காட்சிக்குத் தம் சிப்பிகளை எடுத்துச் சென்றபோது பேராசிரியர் மிச்சுக்குரி என்பாரோடு அறிமுகமானார். சிப்பியின் உடலினுள் அந்நியப் பொருளொன்று புகுந்து உறுத்தினால், சிப்பி அதன்மேல் முத்துப்பூச்சைப் பூசக்கூடும் என்பதை அப்பேராசிரியர் விளக்கினார். ஊர்ப்பள்ளிக்கூடமும் ஒழுங்காய் முடிக்காத கடைக்காரர், பல்கலைக்கழகப் பேராசிரியரிடம் சென்று கேட்க வெட்கப்படவில்லை. அப்பேராசிரியரும் இவரைக் கடைக்காரரென்று தள்ளிவிடவில்லை. இந்தச் சந்திப்பு நிகழாதிருந்தால் இக்கதையே இல்லை.

பின்னர் மூன்றாண்டு பரிசோதனை. கண்ணாடி, களிமண், உலோகம், பவளம், சிப்பியோடு என்று எதை எதையோ சிப்பியினுள் வைத்துப் பார்த்தார். சிப்பி அதைத் துப்பியது, அல்லது இறந்தது. நீராளி தின்றது. கடன் ஏறியது, ஊரார் சிரித்தார்கள். 1892இலே செந்நீர் வந்தது. கடலிலே நுண்ணுயிர்கள் பெருகி நீர் செந்நிறமாகி உயிர்களை மாய்ப்பதையே செந்நீர் என்கின்றோம். ஆகோ விரிகுடாவில் விட்ட சிப்பி மாண்டது. ஆனால் தோபாவுக்கு அருகேயுள்ள ஒரு சிறு தீவின் பக்கத்திலும் கொஞ்சம் சிப்பி விட்டிருந்தார். அவை தப்பின. 1893ஆம் ஆண்டு ஜூலை 11ஆந் திகதி அவரும் உமேயும் அவற்றைத் தூக்கிப் பார்த்தபோது ஒரு சிப்பியினுள்ளே அரைவட்ட முத்து ஒளிவிட்டது.

1896இலே அதற்கு ஆக்கவுரிமைப் பத்திரம் பெற்றார். அதே ஆண்டில், துன்பத்தில் மட்டும் பங்குகொண்ட உமே 32ஆம் வயதில் இறந்துபோனார். தொழில் வரலாறுகளை எழுதுவோர் இத்தகைய பெண்களை ஒரு வரியிற் கடந்துவிடுகின்றனர். ஓர் ஆடவர் பரிசோதனை செய்துகொண்டிருக்க, அடுப்பையும் கடன்காரரையும் குழந்தைகளையும் யார் பார்த்தார்கள் என்று நாம் கேட்டல் வேண்டும். சிப்பி பொறுக்கி, மீண்டும் கடலடியில் பரப்பியவர்களும் ஆமா எனப்படும் குளிபெண்களே.

அரைவட்ட முத்தைக் கொண்டு 1899இலே தோக்கியோவின் கின்சாத் தெருவிற் கடை திறந்தார். பலர் அங்கே நின்றிருப்பார்கள். இவர் உருண்டை முத்து வேண்டுமென்று மேலும் முயன்றார். 1905இலே மீண்டும் செந்நீர். 8 இலட்சத்து 50 ஆயிரம் சிப்பிகள் மாண்டன என்பர். அழுகிய சிப்பிகளை அவர் வாரி எறியவில்லை. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். அவற்றுள் உருண்டை முத்துக்கள் ஐந்து கிடைத்தன. முழு முத்தும் ஆகும் என்பதற்கு அவையே சான்றாயின.

ஒரே ஆண்டு 1905. மன்னாரிலே அள்ள அள்ளச் சிப்பி. ஆகோவிலே அழுகிய சிப்பிக் குவியல். அன்றைக்கு இருவரையும் பார்த்தவர் யாரைச் செல்வர் என்றிருப்பார்? ஐயமின்றி மன்னாரையே சொல்லியிருப்பார். ஆனால் மன்னாரிலே கிடைத்தது ஓர் ஆண்டின் விளைவு. மிக்கிமோட்டோவுக்குக் கிடைத்தது பல்லாண்டுக் கேள்விக்கு விடை. திருவள்ளுவர் ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை என்ற அதிகாரங்களை அடுத்தே இடுக்கணழியாமை என்னும் அதிகாரத்தை வைத்தார். முயற்சியை அடுத்து இடுக்கண் வந்தே தீரும் என்பதை அறிந்து வைத்த முறை அது.

இங்கே ஓர் உண்மையை மறைத்தல் தகாது. வளர்த்த முத்தை மிக்கிமோட்டோ ஒருவரே கண்டுபிடித்தார் என்பது சரியன்று. சீனர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே நன்னீர்ச் சிப்பியினுள் சிறு புத்தர் உருவங்களை வைத்து முத்துப்பூச்சு ஏறச் செய்தார்கள். செடிகொடிகளுக்குப் பெயர் வகுத்த சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயசு, 18ஆம் நூற்றாண்டின் நடுவிலே ஆற்றுச் சிப்பியில் உருண்டை முத்தே வளர்த்துக் காட்டி, அம்முறையை ஒரு வணிகருக்கு விற்றார். வாங்கிய வணிகர் அதைப் பயன்படுத்தவில்லை. யப்பானிலேயே மீசே என்பவரும், மிக்கிமோட்டோவின் மருமகனாகிய நிசிக்காவா என்பவரும் ஒரு முறையைக் கண்டனர். ஒரு சிப்பியின் மேலுறைத் தசைத்துண்டை ஓர் உருண்டை மணியோடு சேர்த்து மற்றொரு சிப்பியினுள் வைப்பது அம்முறை. அத்தசை வளர்ந்து மணியைப் பைபோல் மூடி முத்துப்பூச்சைச் சுரக்கும். இன்று கடல்முத்து வளர்ப்பிற் பெரிதும் வழங்குவது இம்முறையின் வழிவந்ததே.

அப்படியானால் மிக்கிமோட்டோவின் பெருமை யாது? லின்னேயசின் வணிகர் வாங்கிப் பெட்டியில் வைத்ததை இவர் உலகத்துக்குக் கொண்டு சென்றார். சிப்பிப் பண்ணை, குளிபெண்கள், பயின்ற கைவினைஞர், நகை வேலைக்கூடம், கடை, வெளிநாட்டுக் கிளை என்று ஒன்றோடொன்று கோத்து ஒரு தொழிலாக்கினார். கண்டுபிடிப்பு வேறு, தொழில் வேறு. கண்டுபிடிப்பு ஒரு நாளில் நேரலாம். தொழிலை நாள்தோறும் கட்ட வேண்டும். ஆகவே, புதிதாய் ஒன்றும் எமக்குத் தோன்றவில்லையே என்று சோர்வடையும் இளைஞர் கவலைப்பட வேண்டியதில்லை. பெட்டியிற் கிடக்கும் பழைய கண்டுபிடிப்பு எத்தனையோ உண்டு.

அடுத்து நம்பிக்கை என்னும் முதலைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1921இலே இலண்டன், பாரிசு நகரங்களின் முத்து வணிகர்கள் திடுக்கிட்டனர். இயற்கை முத்தினின்று கண்ணாற் பிரித்தறிய முடியாத முத்து, குறைந்த விலையில் வந்துவிட்டது. போலி, மோசடி என்று கூக்குரலிட்டார்கள். மிக்கிமோட்டோ ஒளிந்து விற்றிருந்தால் அன்றே அழிந்திருப்பார். இது வளர்த்த முத்துத்தான், ஆயினும் முத்தே என்று வெளிப்படையாய் வாதிட்டார். பிரெஞ்சு விஞ்ஞானி பூத்தான் போன்றோர் ஆராய்ந்து அவர் பக்கம் பேசினர். 1924இலே பாரிசு வழக்கு அவருக்குச் சாதகமாய் முடிந்தது. வளர்த்தது என்று பெயர் சொல்லி விற்பதே பின்னர் வணிக ஒழுங்காயிற்று. 1927இலே அமெரிக்காவிலே எடிசனைச் சந்தித்தபோது, தம் ஆய்வுகூடத்தில் ஆக்க முடியாத பொருள்களுள் முத்தும் ஒன்றென்று எடிசன் வியந்தார் என்பர்.

புகழ் வந்ததும் வேறொரு துன்பம் வந்தது. யப்பானிலே பலர் இத்தொழிலிற் புகுந்து தரங்குறைந்த முத்தைச் சந்தையிற் கொட்டினர், விலை விழுந்தது. சந்தியிலே நான்கு கடை முளைத்த கதைதான். மிக்கிமோட்டோ விலையைக் குறைத்துப் போட்டியிடவில்லை. 1932இலே கோபே நகரின் வர்த்தக மண்டபத்தின் முன்னே, பலர் காணத் தரங்குறைந்த முத்துக்களை மண்வெட்டியால் அள்ளி நெருப்பிலே போட்டார். விளம்பரமென்றும் சொல்லலாம்; அது உண்மையே. ஆனால் தம் பொருளைத் தாமே எரிக்கத் துணிந்த விளம்பரம். அவர் 1954இல் மறையும்போது 96 வயது.

மற்றப் பக்கத்தையும் பார்த்தல் நடுவுநிலைமை. 1930களில் உலகப் பொருளாதார மந்தமும் யப்பானிய முத்தும் சேர்ந்து பாரசீகக் குடாவின் முத்துக்குளிப்பை வீழ்த்தின. பாரைன், குவைத்துக் குளியாளர் பலர் வாழ்விழந்தனர். ஒருவருக்குச் சோறு போடும் புதுமை மற்றொருவர் கலத்தைக் கவிழ்க்கவும் கூடும். யப்பானியருடைய முதன்மையும் என்றும் நிலைக்கவில்லை. 1990களில் அவர்களுடைய சிப்பிகளை நோய் தாக்கியது. அளவிலே சீனாவின் நன்னீர் முத்து அவர்களை மிஞ்சியது. புதுமை என்பது ஒருமுறை செய்து ஓய்ந்துவிடுவதன்று. மாற்றம் வந்தே தீருமென்றால், அதன் கீழே அகப்படுவதா, அதனை முன்னின்று செய்வதா என்பதே எம்முன்னுள்ள கேள்வி.

இவ்வரலாற்றிலிருந்து எம் இளைஞர் எடுத்துக்கொள்ளத்தக்கவை சிலவற்றைக் கூறுவோம்.

முதலாவது, காலடியில் உள்ளதைப் பாருங்கள். மிக்கிமோட்டோ தம் ஊர்க் கடலையே பார்த்தார். எமக்குப் பனை உண்டு, கடல் உண்டு, வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் விளைவித்த செம்மண் உண்டு. பனைக்கென்றே 1978இல் ஒரு சபையும் அமைக்கப்பட்டது. பனங்கிழங்கும் ஒடியலும் எத்தனை தலைமுறையாக அதே வடிவத்தில் விற்கப்படுகின்றன? தும்பை ஏன் தும்பாகவே ஏற்றுமதி செய்கின்றோம்? இக்கேள்விகளை ஒரு கொப்பியில் எழுதுங்கள். விடை இன்று வேண்டியதில்லை.

இரண்டாவது, கற்றவரிடம் போய்க் கேளுங்கள். யாழ்ப்பாணத்திலே 1974இற் பல்கலைக்கழக வளாகம் அமைந்தபோது எம்மவர் பெருமை கொண்டனர். எம் கடைக்காரரும் கமக்காரரும் கடற்றொழிலாளரும் எத்தனை பேர் அவ்வாயிலினுள் ஒரு கேள்வியோடு சென்றிருக்கின்றோம்? பட்டம் பெறும் நாளில் மட்டும் போய்ப் படம் பிடித்து வருதற்கோ அது அமைந்தது?

மூன்றாவது, சோறு போடும் தொழிலைக் கைவிட்டுப் பரிசோதனை செய்யாதீர்கள். அவர் கடற்பொருள் வியாபாரத்தைச் செய்துகொண்டே முத்தைத் தேடினார். வீட்டை ஈடு வைத்து ஒரே நாளில் பெருங்கடை திறப்பது துணிவன்று. சிறிதாகச் செய்து பாருங்கள். இரண்டு இடத்திற் செய்து பாருங்கள். ஒரு குடாவிற் செந்நீர் வந்தால் மற்றைக் குடாவிலாவது சிப்பி தப்பும்.

நான்காவது, தோல்வியைத் திறந்து பாருங்கள். அழுகிய சிப்பிக்குள்ளே ஐந்து முத்து இருந்தன. ஒரு முயற்சி கெட்டால், எங்கே கெட்டது, எவ்வளவு காசு போயிற்று, எத்தனை நாள் போயிற்று என்று கணக்கெழுதி வையுங்கள். கணக்கில்லாத தோல்வி வெறும் நட்டம். கணக்குள்ள தோல்வி அடுத்த முயற்சிக்குப் பாடப் புத்தகம்.

ஐந்தாவது, உங்கள் ஆக்கத்தைச் சட்டத்தாற் காத்துக்கொள்ளுங்கள். எமது நாட்டிலே 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் உண்டு. ஆக்கவுரிமைப் பத்திரம் 20 ஆண்டு காக்கும். வணிகக் குறியையும் பதிவு செய்யலாம். அதற்கான அலுவலகம் கொழும்பில் இருக்கின்றது. ஊரெல்லாம் காட்டிய பின் விண்ணப்பிக்க ஓடுவதிலும், முன்னரே விசாரித்தல் நன்று.

ஆறாவது, பெயரைக் கெடுக்காதீர்கள். முதற் பொதியில் நல்ல சரக்கும் மூன்றாம் பொதியிற் கலப்பும் வைத்தால், வாங்கியவர் உங்களை மட்டுமன்று, உங்கள் ஊரையே நம்பார்.

இனி மூத்தோர்களுக்கு, மிக்க பணிவோடு இரண்டு சொல். ஒரு பிள்ளை சோதனையிலே தவறினால் மறுமுறை எழுதென்று பணம் கட்டுகின்றோம். வெளிநாடு செல்ல முகவரிடம் கொடுத்த பணம் தொலைந்தால், விதி என்று சொல்லி மறுமுறையும் கொடுக்கின்றோம். அதே பிள்ளை ஒரு தொழிலைத் தொடங்கி ஓராண்டில் மூடிவிட்டால், அவனுக்குக் கலியாணம் பேசுமிடத்திலும் அதைச் சொல்லிக் காட்டுகின்றோம். பெண்பிள்ளை தொடங்கினால் தொடங்கும்போதே தடுக்கின்றோம். பிள்ளைகள் ஊரிலே நிற்கவில்லை என்று துயரப்படுகின்றோம். நிற்பதற்கு ஓர் இடத்தை நாம் விட்டு வைத்தோமா? சிரித்த ஊராரின் பெயர் தோபாவில் இன்று ஒருவருக்கும் தெரியாது. அந்தச் சிறு தீவையோ முத்துத் தீவென்று உலகமே போய்ப் பார்க்கின்றது.

இச்சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். எமது வாசிகசாலையிலே ஒரு மேசையை இதற்கென ஒதுக்குங்கள். திங்களுக்கு ஒருமுறை, ஊரிலே தொழில் செய்யும் ஒருவரை அழைத்துப் பேசச் சொல்லுங்கள். தச்சரும் வரட்டும், தோணி கட்டுபவரும் வரட்டும், கணினியில் வேலை செய்யும் இளைஞரும் வரட்டும். அவர்களோடு பல்கலைக்கழக ஆசிரியர் ஒருவரும் அமரட்டும். அங்கத்தவர் தரும் சிறு தொகையைச் சுழற்சி நிதியாக்கி, புதிய முயற்சிக்குக் கைமாற்றாகக் கொடுங்கள். பெற்றவர் வென்றால் திருப்பித் தரட்டும். தோற்றால் கணக்கை இம்மேடையிலே வாசிக்கட்டும். அவருக்கும் மாலை போடுங்கள். பத்துப் பேரில் ஒருவர் நிலைத்தாலும், அவர் வேலை கொடுக்கும் பத்துக் குடும்பங்கள் இங்கே விளக்கேற்றும்.

மன்னார்க் கடல் தந்தபோது எம் முன்னோர் அள்ளினார்கள், தராதபோது காத்திருந்தார்கள். அது அவர்கள் காலம். கடல் தருமா, அரசு தருமா, அயல்நாடு தருமா என்று கேட்பதை விடுத்து, இங்கே எதனை வளர்க்கலாம் என்று கேட்கும் இளைஞர் சிலர் இக்கூட்டத்திலே இருப்பர் என்று நம்புகின்றோம். அவர்கள் நாளைக் காலையிலே தொடங்கட்டும். மூத்தோர் அவர்கள் பக்கத்தில் நிற்கட்டும்.